மைமூனின் முறை

மேலப்பாளையம்
20-2-1967

786

அன்புத் தங்கை சைனப் அறிய, லாத்தா சபுரா சலாம் சொல்லி எழுதுவது. நானும் மச்சானும் சுகம். என் முழங்கால் வலியும் சுகமாகத்தான் இருக்கிறது, என்னை விட்டுப் போக அதற்கு மனமில்லை. உன் உடம்பும் தம்பி ஹனீபின் உடம்பும் குழந்தை மைமூனின் உடம்பும் எப்படி என்று எழுது.

எழுது என்றால் கார்டில் அல்ல. கல்யாணமாகி பம்பாய்க்குப் போன நாளிலிருந்து நீ போட்டதெல்லாம் கார்டுதான். நம் தெருத் தபால்காரர் அதை என் கையில் கொடுக்கும் முன்பே, "ஒங்க தங்கச்சி சுகமாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு நான் எதற்குப் படிக்க?

போன வாரம் தாராவியிலிருந்து அப்துல் வாஹித் வந்தார். நீ கொடுத்தனுப்பிய அல்வாவைக் கொடுத்தார். டீ குடித்துக்கொண்டே, "ஒங்க தங்கச்சி மவ தங்கம்லா. வீட்ல புள்ள இருக்கதே தெரியல. நான் அவ்வளவு நேரம் இருந்தேன், வாயத் தொறக்கல" என்றார். மனிதர் புகழ்ந்துதான் சொன்னார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

மூன்று வயதாகப் போகிற பிள்ளை வாய் திறக்காமல் இருந்தால் அது சமத்தா? உனக்கு வாயை மூட வைக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. உம்மா படுக்கையில் கிடந்த வருஷம் நீ என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. உம்மா என்று சொல்வதற்கு முன்பே லாத்தா என்று கத்தித் தெருவைக் கூட்டினவள். உன் மகள் உன்னைக் கொள்ளவில்லை என்றால் யாரைக் கொண்டாள்?

மைமூன் என்னென்ன சொல்கிறாள் என்று விவரமாக எழுது. என்னைப் பெரியும்மா என்று சொல்லப் பழக்கி வை. ஊருக்கு வரும்போது என்னைப் பார்த்து முழிக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன்னை ஏசுவதற்கென்றே பிறந்த
லாத்தா


தாராவி
8-3-1967

786

அன்புள்ள லாத்தாவுக்கு சைனப் சலாம். இவ்விடம் எல்லோரும் சுகம். மச்சான் சுகத்துக்கும் உங்கள் முழங்காலுக்கும் துஆ கேட்கிறோம். ஹஜ்ஜுப் பெருநாள் வருவதால் இவர் பட்டறையில் வேலை அதிகம். தோல் பைகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. மைமூன் சுகம். நன்றாகச் சாப்பிடுகிறாள். மற்றவை பின்.

சைனப்


மேலப்பாளையம்
20-3-1967

786

தங்கை சைனபுக்கு லாத்தா சலாம். உன் கார்டு வந்தது. தபால்காரர் சொன்னார், மைமூன் நன்றாகச் சாப்பிடுகிறாளாம்.

நான் கேட்டது சாப்பாட்டைப் பற்றி அல்ல. இத்துடன் ஸ்டாம்பு ஒட்டி, என் விலாசமும் எழுதி ஒரு கவர் வைத்திருக்கிறேன். நீ உள்ளே ஒரு தாளை வைத்து ஒட்டினால் போதும். வெறும் தாளை வைத்தாலும் சரி, உன் மனசில் என்ன என்று எனக்குப் புரிந்துவிடும். ஆனால் எழுதுவது நல்லது.

பெருநாளைக்கு உங்களுக்கும் என் முபாரக். 

இப்படிக்கு,
உன்னை ஏசுவதற்கென்றே பிறந்த
லாத்தா


தாராவி
3-4-1967

786

அன்பு லாத்தாவுக்கு, தங்கை சைனப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு எல்லோரும் சுகம்தான். உங்கள் கவர் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் இருந்தது. தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

மைமூன் பேசவில்லை, லாத்தா. ஒரு சொல்லும் இல்லை.

"ம்" என்பாள். தண்ணீர் வேண்டுமென்றால் என் முந்தானையைப் பிடித்துப் பானைக்கு இழுத்துப் போவாள். ரொட்டி வேண்டுமென்றால் டப்பாவைக் காட்டுவாள். காது நன்றாகக் கேட்கிறது. பாவ் ரொட்டி விற்கிறவனின் சைக்கிள் மணி தெருமுனையில் அடித்ததும் வாசலுக்கு ஓடுகிறாள். "வாப்பா செருப்ப எடுத்துட்டு வா" என்றால் சரியான ஜோடியைத் தூக்கி வருகிறாள். எல்லாம் புரிகிறது. வாய்க்கு மட்டும் வரவில்லை.

எங்கள் சாலில், இந்த வரிசை அறைகளில் உள்ள பிள்ளைகள் அவளை கூங்கி என்று கூப்பிடுகிறார்கள். ஹிந்தியில் ஊமைச்சி என்று அர்த்தம். அவர்கள் அப்படிக் கூப்பிட்டால் இவள் திரும்பிப் பார்க்கிறாள், லாத்தா. அதுதான் தன் பெயர் என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி ஓடுகிறாள். இதை நான் இவரிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இவருக்கும் கவலை இருக்கிறது. பேச்செடுத்தால், "யார்கிட்டயும் சொல்லாத. பொண் பிள்ளை. ஒரு தடவை பேர் வெச்சிட்டாங்கன்னா அப்புறம் போகாது" என்கிறார். நீங்களும் இதை மச்சானைத் தவிர யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உங்களைப் பெரியும்மா என்று சொல்லப் பழக்கச் சொன்னீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் கார்டு எழுதினேன்.

அன்புடன்,
சைனப்


மேலப்பாளையம்
14-4-1967

786

என் கண்ணான சைனபுக்கு லாத்தா சலாம். நானும் மச்சானும் சுகம். உன் கடிதத்தை இரண்டு பேரும் படித்தோம். மச்சான் எழுந்து தறிக்குப் போய்விட்டார்.

பயப்படாதே. பக்கத்து வீட்டு பீவியின் மகன் நாலு வயதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது சந்தையில் மீன் ஏலம் கூறுகிறான், காதைப் பொத்திக்கொண்டுதான் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. மைமூனும் பேசுவாள். பொறுத்திரு. தம்பி சொல்வதும் சரிதான், யாருக்கும் சொல்லாதே. நான் பொட்டல்புதூர் தர்காவுக்கு நேர்ந்திருக்கிறேன். பிள்ளை வாய் திறந்ததும் அங்கே சீனிச் சோறு ஆக்கிக் கொடுக்கிறேன்.

கூங்கி என்று கூப்பிடுகிற பிள்ளைகளை மட்டும் ஒரு தடவை என் கண்ணில் காட்டு.

இப்படிக்கு,
உன்னை ஏசுவதற்கென்றே பிறந்த
லாத்தா


தாராவி
25-6-1967

786

அன்பு லாத்தாவுக்கு சைனப் சலாம். சுகம். நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க துஆ. இங்கே மழை பிடித்துவிட்டது. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பட்டறையில் தோல் காயவில்லை என்று இவருக்குக் கோபம்.

போன வாரம் மைமூனை செம்பூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இவருக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் சொல்லி அனுப்பினார். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். நான் தமிழ், இவர் தமிழும் ஹிந்தியும், அடுத்த அறையில் மராட்டி, தெருவில் எல்லாமும் என்று சொன்னோம். அதுதான் காரணமாம். இத்தனை பாஷை காதில் விழுந்தால் பிள்ளை எதைப் பிடிப்பது என்று குழம்பி எதையுமே பிடிக்காதாம். ஒரே பாஷை போதும், நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் உதவுகிற மாதிரி ஹிந்தியே பேசுங்கள், தமிழை நிறுத்துங்கள் என்றார்.

இவருக்கு மனசு லேசாகிவிட்டது. பம்பாயில் பிறந்து வளர்ந்தவர், ஹிந்திதான் அவருக்குச் சரளம். "முசல்மான் வீட்ல மதராசி பேச்சு எதுக்குன்னு மார்க்கெட்ல எல்லாரும் கேக்கறாங்க. இப்ப டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். நானும் சரி என்றேன். பிள்ளை பேசினால் போதும்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
சைனப்


மேலப்பாளையம்
12-7-1967

786

தங்கை சைனபுக்கு லாத்தா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே சுகம். மழைக்காலத்தில் பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

டாக்டர் படித்தவர், நான் அஞ்சாம் கிளாஸ். அதனால் வாதாடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ ஹிந்தியில் என்ன பேசுவாய்? கல்யாணத்துக்கு வந்த பம்பாய்க்காரர்கள் தண்ணீருக்கு "பானி" என்று கேட்டதற்கு, பானையைத் தூக்கிக்கொண்டு போய் நடு வீட்டில் வைத்தவள் நீ. அதை நினைத்து இன்றைக்கும் சிரிக்கிறேன்.

சிரித்துவிட்டு யோசித்தேன். ஒரு நாள் முழுக்க அந்தப் பிள்ளையிடம் நீ ஹிந்தியில் என்ன பேசுகிறாய், எழுது.

இப்படிக்கு,
உன்னை ஏசுவதற்கென்றே பிறந்த
லாத்தா


தாராவி
20-8-1967

786

லாத்தாவுக்கு சைனப் சலாம். அனைவரும் சுகம். அங்கு சுகம் அறிய ஆவல். மழை இன்னும் விடவில்லை. மைமூன் சுகம்.

சைனப்


தாராவி
15-10-1967

786

அன்பு லாத்தாவுக்கு சலாம். அந்தக் கார்டுக்கு நீங்கள் பதில் போடவில்லை. கோபம் நியாயம்தான். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மச்சான் எப்படி? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஹிந்தியில் என்ன பேசுகிறாய் என்று கேட்டீர்கள். ஒன்றும் பேசவில்லை, லாத்தா.

எனக்குத் தெரிந்தது கறிக்கடை ஹிந்தி. இதர் ஆ. மத் ஜா. கானா கா. சோ ஜா. இங்கே வா, போகாதே, சாப்பிடு, தூங்கு. அதற்கு மேல் என் பிள்ளையிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. கொஞ்சுவதற்கு அதில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. கதை சொல்லத் தெரியாது. ஏசக்கூடத் தெரியாது. அவள் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் "என் தங்கமே" என்று தொண்டைவரை வரும். டாக்டர் சொன்னது ஞாபகம் வரும். விழுங்கிவிட்டு மருந்தைத் தடவுவேன். மத்தியானம் அவள் தூங்கிய பிறகு பக்கத்தில் படுத்து, காதோரம் தமிழில் பேசுவேன். தூங்குகிற பிள்ளையைக் குழப்ப முடியாது அல்லவா?

மழை தொடங்கிய நாள் முதல் என் பிள்ளை முழித்திருக்கும்போது நான் அவளைக் கொஞ்சவில்லை.

முன்பெல்லாம் முந்தானையைப் பிடித்து இழுப்பாள் என்று எழுதினேனே, இப்போது அதுவும் குறைந்துவிட்டது. "ம்" என்பதும் இல்லை. தாகம் எடுத்தால் அவளே போய் மொண்டு குடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொள்கிறாள்.

எங்களுக்கு இன்னொரு பக்கத்து அறையில் கோமதியம்மாள் என்று திருநெல்வேலிப் பக்கத்து அக்கா இருக்கிறார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நேற்று வாசலில் நின்று, "ஏ பிள்ள, நீ வந்த புதுசுல ஒன் சத்தத்துல எனக்குப் பகல் தூக்கம் கெட்டுப் போவும். இப்ப என்னடான்னா வீட்ல ஆளு இருக்கா இல்லியான்னு எட்டிப் பாக்க வேண்டியிருக்கு. என்னளா ஆச்சு?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். 

"அழுது என்னத்துக்கு? எங்க ஆஸ்பத்திரில பேச்சுக்குன்னே தனியா ஒரு எடம் போட்டிருக்காவ. காதப் பாக்காவ, நாக்கப் பாக்காவ, புள்ள கூட வெளையாடிப் பாக்காவ. வாயத் தொறந்து பாத்துட்டு அனுப்புத எடம் இல்ல. செவ்வாக்கிழம கூட்டியா, நானே முன்னால நிக்கேன்" என்றார்.

இவர் வேண்டாம் என்கிறார். "ஒரு டாக்டர் சொல்லியாச்சு. ஹாஸ்பிடல் லைன்ல உக்காந்திருக்கறத நம்ம சால் ஆளு ஒருத்தன் பாத்தா போதும், முடிஞ்சுது." அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, லாத்தா. சாயங்காலம் வந்ததும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஹிந்தியில் ஒவ்வொரு சாமானாகப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு இறக்கி விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவர் பேச்சை மீறி நான் போகலாமா? நீங்கள் சொன்னால் போகிறேன்.

அன்புடன்,
சைனப்


மேலப்பாளையம்
24-10-1967

786

மரியாதைக்குரிய தம்பி முகம்மது ஹனீப் அவர்களுக்கு, சைனபின் லாத்தா சபுரா சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் சுகத்துக்கும் தொழிலுக்கும் என்றும் துஆ கேட்கிறேன். இதுவரை உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதியதில்லை. தவறாக நினைக்க வேண்டாம்.

நீங்கள் என் தங்கையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை என்று எனக்குத் தெரியும். மகள் மேல் உயிரை வைத்திருக்கிறீர்கள் என்றும் தெரியும். யாருக்கும் சொல்லாதே, பொறுத்திரு என்று நீங்கள் அங்கே சொன்னீர்கள். நானும் இங்கிருந்து அதையேதான் எழுதினேன். நாம் இரண்டு பேரும் சொன்னதைக் கேட்டு அவள் பொறுத்திருந்தாள். பிள்ளைக்கு மூன்றரை வயது ஆகிவிட்டது.

பெயர் வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். தம்பி, பெயர் வந்துவிட்டது. உங்கள் சாலில் பிள்ளைகள் அவளை கூங்கி என்று கூப்பிடுகிறார்கள். அவள் அதற்குத் திரும்பிப் பார்க்கிறாளாம், அதுதான் தன் பெயர் என்று. உங்களிடம் இதைச் சொல்ல சைனபுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை, ஆனாலும் யாராவது சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரி வரிசையில் உங்களை ஒருவன் பார்ப்பான் என்கிறீர்கள். அவன் அங்கே எதற்கு வந்தான்? அவன் வீட்டிலும் ஏதோ இருக்கிறது. அவன் உங்களைப் பற்றிப் பேச மாட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்துப் போய்க் காட்டுங்கள். உங்கள் மகளுக்கு என்ன என்று விவரம் தெரிந்தவர்கள் வாயால் கேட்டுக்கொள்வோம். அதன் பிறகு நீங்கள் என்ன முடிவு செய்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களை இதுவரை ஏசாத
சபுரா


தாராவி
12-12-1967

786

அன்பு லாத்தாவுக்கு சைனப் சலாம். உங்களுக்கும் மச்சானுக்கும் நோன்பு நல்லபடியாகப் போகிறதா? முழங்கால் வலியோடு இரவில் தராவீஹ் தொழக் கஷ்டப்படாதீர்கள், உட்கார்ந்து தொழுங்கள். நாங்கள் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம்.

உங்கள் கடிதம் வந்த அன்று இவர் கையில் பிரித்து வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். கடைசியில், "நீயே படி" என்று நீட்டினார். கூங்கி என்று வந்த வரியில் நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தேன். "படி" என்றார். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போய், பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தபடி நின்றார். செவ்வாய்க்கிழமை காலையில் பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து, "செருப்பப் போடு, போலாம்" என்றார்.

கோமதியக்கா சொன்னபடி வாசலிலேயே நின்றார். அந்தப் பகுதியில் ஷிரீன் என்று ஒரு பார்ஸி அம்மாள். நரை முடி, கவுன் போட்டிருந்தார். முதலில் மைமூனைத் தொடவே இல்லை. நான் மாசமாக இருந்ததிலிருந்து கேட்டார். எப்போது உட்கார்ந்தாள், எப்போது நடந்தாள், காய்ச்சல் வந்ததா, எதைப் பார்த்தால் சிரிப்பாள், எப்படிக் கேட்டு வாங்குவாள், எல்லாம் கேட்டார். பிறகு சத்தம் புகாத ஒரு அறையில் வைத்துக் காதைச் சோதித்தார்கள். மெல்லிய சத்தத்துக்கும் திரும்பினாள். நாக்கு, உதடு, மெல்லுவது, ஊதுவது எல்லாம் பார்த்தார்கள். பொம்மைகளைக் கொட்டி விளையாட விட்டார்கள். ஒரு நாளில் முடியவில்லை, அடுத்த வாரமும் வரச் சொன்னார்கள். இவர் அடுத்த வாரமும் பூட்டுப் போட்டார்.

அன்றைக்கு அந்த அம்மாள் என்னிடம், வீட்டில் எப்படி விளையாடுவாயோ அப்படி விளையாடு என்றார். நான் மைமூன் முன்னால் உட்கார்ந்து, "யே கேந்த் ஹை" என்றேன். பந்து. அதோடு எனக்கு நின்றுவிட்டது. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு ஹிந்தியில் கேட்டார். எனக்குப் புரியாததால் கோமதியக்கா தமிழில் சொன்னார்: "கோவம் வந்தா எந்தப் பாஷைல ஏசுவேன்னு கேக்காவ."

"தமிழ்லதான்" என்றேன்.

"அப்பம் கொஞ்சுததும் அதுலயே கொஞ்சுன்னு சொல்லுதாவ. இப்பமே, இங்கயே."

இவருக்கு முகம் மாறிவிட்டது. செம்பூர் டாக்டர் சொன்னதைச் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாஷை இரண்டு மூன்று இருப்பதால் பிள்ளை பேசாமல் போவதில்லை, பம்பாய் முழுக்க அப்படித்தானே பிள்ளைகள் வளர்கின்றன என்றார். தாய்க்கு எது தானாக வருமோ அதைத்தான் பிள்ளை நாள் முழுக்கக் கேட்க வேண்டும் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. "ஒங்களுக்கு வெளங்காதே" என்றேன். "எனக்கு வெளங்க வேண்டாம், அவளுக்கு வெளங்குனாப் போதும்னு சொல்லுதாவ" என்றார் அக்கா.

பந்தைக் கையில் எடுத்தேன். "என் தங்கமே, இங்க பாரு, உம்மாட்ட என்ன இருக்குன்னு பாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், லாத்தா. மைமூன் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து வந்து என் வாயை இரண்டு கையாலும் தொட்டாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காது நன்றாக இருக்கிறதாம். புரிந்துகொள்வது வயதுக்குத் தக்கபடி இருக்கிறதாம். பேச்சு மட்டும் பின்தங்கியிருக்கிறது, அதற்குப் பயிற்சி வேண்டும், வாரா வாரம் வர வேண்டும். என்னால்தான் இப்படி ஆனதா என்று கேட்டேன். இல்லை, யாராலும் இல்லை என்றார். ஆனால் வீட்டில் செய்கிற வேலை முழுக்க என்னுடையதாம். நாலு வயதுக்கு முன்னால் கூட்டி வந்தது நல்லது என்றார். எப்போது பேசுவாள் என்று இவர் கேட்டதற்கு, அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

வீட்டுக்குச் சொன்னது இரண்டு. எது செய்தாலும் சொல்லிக்கொண்டே செய். அவளுக்குப் பழகிப்போன ஒன்றைச் சொல்லும்போது கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்து. நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்துக் காத்திரு. "இப்ப அவ முறை. நீ அவசரப்பட்டு அவ முறையப் புடுங்கக் கூடாது." இதுவும் அக்கா சொன்னபடி.

நோன்பு திறக்க நேரமாகிவிட்டது. துஆ செய்யுங்கள்.

அன்புடன்,
சைனப்


தாராவி
14-3-1968

786

அன்பு லாத்தாவுக்கும் மச்சானுக்கும் சைனப் சலாம். பெருநாள் நல்லபடியாக நடந்ததா? இங்கே எல்லோரும் சுகம். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. காலையிலிருந்து படுக்கும்வரை பேசினால் தொண்டை என்ன ஆகும்?

அரிசி களைகிறேன், கல் பொறுக்குகிறேன், குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். கோமதியக்கா, "எப்பா, மறுபடியும் எனக்குப் பகல் தூக்கம் போச்சு" என்கிறார். இவர் வெட்டுத் துண்டுத் தோலில் ஒரு பந்து தைத்துக் கொண்டுவந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் உருட்டி விளையாடுகிறார்கள். தமிழில்தான். "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவருக்குத்தான் பொறுமை இல்லை, மூணு என்று தானே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். ஜனவரி கடைசியில் மைமூன் "ம்" என்று மறுபடி ஆரம்பித்தாள். பிறகு பந்துக்கு "ஆ" என்றாள். ஷிரீன் அம்மாள் அதற்கே கை தட்டினார்.

ஒரு கட்டத்தில் எனக்குச் சொல்ல விஷயமே தீர்ந்துவிட்டது. எட்டடி அறையில் எவ்வளவுதான் சொல்ல முடியும்? பெட்டியிலிருந்து உங்கள் கடிதங்களை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். நீங்கள் என்னை ஏசியதெல்லாம் அவளுக்குத் தெரியும் இப்போது. அவளுக்குப் பிடித்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவளே பெட்டியைத் தட்டுவாள். பானையை நடு வீட்டில் வைத்த கதைக்குச் சிரிக்கிறாள், உங்களைப் போலவே. எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி முடிவதால் அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்காருவாள். நான் நிறுத்துவேன். காத்திருப்பேன். அவள் என் வாயைப் பார்ப்பாள், நான் அவள் வாயைப் பார்ப்பேன். ஒன்றும் வராது. பிறகு நானே சொல்லி மடித்து வைப்பேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி போய்விட்டு வந்து, களைப்பாக இருந்தது. அன்றைக்கு வாசிக்கவில்லை. அவள் பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சரி என்று ஒன்றை எடுத்து ஏனோதானோ என்று வாசித்தேன். "இப்படிக்கு, உன்னை ஏசுவதற்கென்றே பிறந்த" வரை வந்ததும் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குடத்தை எடுக்கலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

"லாத்தா."

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பினால் அவள் தாளில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை சொன்னாள். தெளிவாக, கொஞ்சம் கோபமாக. நான் அவள் முறையில் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா.

குடம் வைக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன், முக்காடு விழுந்தது கூடத் தெரியவில்லை. இவர் ஊசியைக் கையில் வைத்தபடி எழுந்து நின்றார். அவருக்குச் சொல்லிக் காட்டினாள். சந்தில் அந்தப் பிள்ளைகள் வழியில் நின்று பார்த்தன. இவர் அவர்களைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இவ பேர் மைமூன்" என்றார்.

இந்த வாரம் போனபோது ஷிரீன் அம்மாள் சந்தோஷப்பட்டார். ஒரு சொல் வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதே, இன்னும் நிறையச் செவ்வாய்க்கிழமை இருக்கிறது என்றும் சொன்னார். இப்போது "தா" என்கிறாள். உம்மா இன்னும் வரவில்லை. பரவாயில்லை, காத்திருக்கிறேன்.

ஒன்றுதான் யோசனை. நீங்கள் அவளுக்குப் பெரியும்மா. அவள் உங்களை லாத்தா என்கிறாள். இப்போதே திருத்தவா? ஊருக்கு வரும்போது ஆட்கள் சிரிப்பார்கள்.

அன்புடன்,
சைனப்


மேலப்பாளையம்
25-3-1968

786

என் சைனபுக்கும் தம்பி ஹனீபுக்கும் சலாம். நானும் மச்சானும் சுகம். உன் கடிதத்தை மச்சான் தறிக்குப் போகாமல் உட்கார்ந்து கேட்டார். பொட்டல்புதூருக்கு வெள்ளிக்கிழமை போகிறோம், சீனிச் சோறு ஆக்க. முழங்கால் தானாக நடந்து வரும்.

நீ திருத்தினால் பம்பாய்க்கு ரயிலேறி வந்து உன்னை அடிப்பேன். நீயும் அப்படித்தான் கூப்பிட்டாய், உம்மாவுக்கு முன்னால். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கோமதியம்மாளுக்கும் அந்த ஷிரீன் அம்மாளுக்கும் என் சலாம் சொல். ஒரு செவ்வாய்க்கிழமையும் தவற விடாதே.

இந்தக் கடிதத்தையும் மைமூனுக்கு வாசித்துக் காட்டு. இதில் நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடத்தை அவளுக்கு விட்டிருக்கிறேன். நீ சொல்லிவிடாதே. எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திரு.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் ஏசுவதற்கென்றே பிறந்த